இரு மாறிச் சமன்பாட்டை வரைபுத்தாளில் நேர்கோடாக வரைதல்: முழுமையான வழிகாட்டி

தரம் 9, 10 பிள்ளைகளுக்கும், வீட்டில் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கும் அம்மா அப்பாமாருக்கும் இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் ரியூசன் வகுப்பில் வரைபு படிப்பிக்கும்போது திரும்பத் திரும்ப ஒரே காட்சியைத்தான் காண்கிறேன். சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதிய உடனேயே பிள்ளை அடிமட்டத்தை எடுத்து, தாளின் சரி நடுவில் இரண்டு அச்சையும் வரைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் கை உயரும்: “சேர், புள்ளி தாளுக்கு வெளியால போகுது.”

அந்தப் பிள்ளைக்குக் கணக்குத் தெரியும், வேலையின் ஒழுங்குதான் மாறிவிட்டது. அச்சு வரைவது ஐந்தாவது வேலை. அதற்கு முந்திய நான்கையும் முடித்துவிட்டு வந்தால் மிச்சம் கெதியாக முடியும்.

1. மேசையில் இருக்க வேண்டியவை

வரைபுத்தாள், கூராகச் சீவிய பென்சில், அழிறப்பர், முனை உடையாத அடிமட்டம். அடிமட்டம் ஒளி ஊடுருவுவதாக இருந்தால் நல்லது. கோடு கீறும்போது அடுத்த பக்கத்துப் புள்ளியும் தெரியும்.

வரைபுத்தாளில் பெரிய சதுரத்தின் ஒரு பக்கத்தில் எத்தனை சிறு பிரிவுகள் என்று எண்ணிப் பாருங்கள். சில தாள்களில் 10 இருக்கும், சிலவற்றில் 5. இதை எண்ணாமல் தொடங்கிய பிள்ளை 2.5 ஐக் குறிக்க வேண்டிய இடத்தில் 2.25 ஐயோ வேறொன்றையோ குறித்துவிடும். பயிற்சிக்குச் சதுரக் கோட்டுக் கொப்பி போதும், பின்னங்கள் வரும்போது மட்டும் வரைபுத்தாளுக்கு மாறுங்கள்.

முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியவை இரண்டு: மறை எண்களைக் கூட்டிக் கழித்துப் பெருக்குவது, சமன்பாட்டில் ஓர் உறுப்பைப் பக்கம் மாற்றுவது. இவற்றில் தடுமாற்றம் இருந்தால் இரண்டு நாள் அதற்கே செலவழியுங்கள். வரைபில் வரும் பிழைகளில் பெரும்பங்கு இந்த இரண்டு இடங்களில்தான் பிறக்கிறது.

2. இது நேர்கோடுதானா என்று பாருங்கள், பிறகு வையை எழுவாயாக்குங்கள்

எக்ஸ், வை என்ற இரண்டு மாறிகளும் முதலாம் வலுவில் மட்டும் இருக்க வேண்டும். எக்ஸின் வர்க்கம் இருக்கக்கூடாது, எக்ஸும் வையும் ஒன்றோடொன்று பெருக்கப்பட்டிருக்கக்கூடாது, எக்ஸோ வையோ பின்னத்தின் கீழே வரக்கூடாது. இவற்றில் ஒன்று இருந்தாலும் வரைபு பெரும்பாலும் வளைந்து போகும். அடிமட்டத்தோடு அணுகும் இந்த முறை அதற்குப் பொருந்தாது.

சமன்பாடு வை = 2எக்ஸ் − 3 என்று தரப்பட்டிருந்தால் நேரே அடுத்த படிக்குப் போகலாம். 2எக்ஸ் + 3வை = 12 என்று தந்திருந்தால் வையை ஒரு பக்கத்தில் தனியாக்க வேண்டும், இதைத்தான் எழுவாயாக்குவது என்கிறோம். ஏனென்றால் அட்டவணையில் எக்ஸுக்கு ஒரு பெறுமானம் போட்டதும் வை தானாகக் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பக்கம் மாற்றிக்கொண்டிருந்தால் களைப்பும் பிழையும்தான் மிஞ்சும்.

3வை = 12 − 2எக்ஸ். இனி முழுவதையும் 3 ஆல் வகுக்க வேண்டும். இங்கேதான் வழுக்கும் இடம். 12 ஐ 3 ஆல் வகுத்து 4 என்று எழுதிவிட்டு, 2எக்ஸை அப்படியே விட்டுவிடுவார்கள்: வை = 4 − 2எக்ஸ். இந்தப் பிழை பொல்லாதது, ஏனென்றால் எக்ஸ் 0 ஆகும்போது இரண்டு சமன்பாடும் ஒரே விடையைத் தரும். (0, 4) சரியாக வந்ததும் பிள்ளை நம்பிக்கையோடு மேலே போய்விடும். சரியானது வை = 4 − ⅔எக்ஸ். எழுவாயாக்கிய பிறகு எக்ஸுக்கு 0 அல்லாத ஒரு பெறுமானத்தைப் போட்டு, கிடைத்த சோடியைத் தொடக்கச் சமன்பாட்டில் பிரதியிட்டுப் பாருங்கள். எக்ஸ் = 3 எனில் வை = 2. தொடக்கச் சமன்பாட்டில் 6 + 6 = 12. சரி.

3. பெறுமான அட்டவணை

நேர்கோட்டை நிர்ணயிக்க இரண்டு புள்ளிகள் போதும். ஆனாலும் மூன்றுக்குக் குறையாமல் எடுங்கள். இரண்டு புள்ளிகள் எப்போதும் ஒரு நேர்கோட்டில்தான் இருக்கும், அவற்றில் ஒன்று பிழையானாலும் கோடு அழகாகத்தான் வரும். மூன்றாவது புள்ளி கோட்டில் விழாதபோதுதான் எங்கோ பிசகியிருக்கிறது என்று தெரியவரும்.

வை = 2எக்ஸ் − 3 க்கு இப்படி:

எக்ஸ்: −2, −1, 0, 1, 2, 3
வை: −7, −5, −3, −1, 1, 3

எக்ஸுக்கு நேர்ப் பெறுமானங்களை மட்டும் எடுத்துவிட்டு மறைப் பக்கத்தைத் தொடாமல் விடுவது பழகிய வழக்கம். மறை எண்கள் பயம் தருகின்றன என்பது விளங்குகிறது. ஆனால் அந்தப் பக்கத்தை விட்டால் கோட்டின் பாதிதான் தாளில் இருக்கும்.

மறை எண்ணைப் பிரதியிடும்போது அடைப்புப் போடுங்கள். வை = 3 − 2எக்ஸ் இல் எக்ஸ் = −2 என்றால் 3 − 2(−2), அதாவது 3 + 4 = 7. அடைப்பில்லாமல் மனதில் செய்தவர்கள் 3 − 4 = −1 என்று எழுதுவார்கள். வகுப்பில் கொப்பி பார்க்கும்போது அதிகம் சிவப்பு மை விழுவது இந்த வரியில்தான்.

அட்டவணை முடிந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வை வரிசையை மட்டும் வாசியுங்கள். எக்ஸ் ஒவ்வொன்றாகக் கூடும்போது வை ஒரே அளவால் மாற வேண்டும். மேலே உள்ளதில் ஒவ்வொரு தடவையும் 2 கூடுகிறது. முதற் பெறுமானத்தை −4 − 3 = −1 என்று யாராவது எழுதியிருந்தால் வரிசை −1, −5, −3, −1 என்று போகும். முதல் அடியில் 4 குறைந்து, பிறகு 2, 2 என்று கூடுகிறது. பிழை எந்த நிரலில் என்று அப்போதே தெரிந்துவிடும், ஒரு புள்ளிகூடக் குறிக்கத் தேவையில்லை.

குணகம், அதாவது எக்ஸைப் பெருக்கி நிற்கும் எண், பின்னமாக இருந்தால் எக்ஸைத் தெரிவதில் கவனம் வேண்டும். வை = 4 − ⅔எக்ஸ் இல் எக்ஸ் = 1 போட்டால் 3.33 என்று முடிவில்லாமல் போகும், அதைத் தாளில் எங்கே குறிப்பது? கீழே 3 இருப்பதால் 3 இன் மடங்குகளை எடுங்கள்: −3, 0, 3, 6. வை 6, 4, 2, 0 என்று நிறைவெண்களாக வரும்.

4. அளவிடை

அட்டவணையில் எக்ஸின் மிகச் சிறியதும் மிகப் பெரியதும் எவை? வையில் எவை? நம் உதாரணத்தில் எக்ஸ் −2 இலிருந்து 3 வரை, 5 அலகுகள். வை −7 இலிருந்து 3 வரை, 10 அலகுகள். இரு பக்கமும் ஒவ்வோர் அலகு விட்டால் கிடையாக 7, நிலைக்குத்தாக 12 தேவை. தாளில் பெரிய சதுரங்களை எண்ணுங்கள். இடம் போதுமானால் ஒரு பெரிய சதுரம் ஓர் அலகு. போதாவிட்டால் ஒரு பெரிய சதுரம் இரண்டு அலகு.

ஒரு பெரிய சதுரத்துக்கு 1, 2, 5, 10 அல்லது இவற்றைப் பத்தால் பெருக்கி வருபவை நல்ல அளவிடைகள். 3, 7 போன்றவற்றைத் தொடாதீர்கள். பத்துச் சிறு பிரிவுகள் 3 அலகு என்றால் ஒரு சிறு பிரிவு 0.3. அந்தத் தாளில் 2 ஐக் குறிக்க வேண்டுமானால் ஏழாவது பிரிவுக்குச் சற்று முன்னால், கண் மதிப்பில்தான் முடியும்.

இரண்டு அச்சுக்கும் ஒரே அளவிடை இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் ஒரே அச்சின் நேர்ப் பக்கத்துக்கு ஓர் அளவிடையும் மறைப் பக்கத்துக்கு இன்னோர் அளவிடையும் இருந்தால் கோடு மற்ற அச்சைக் கடக்கும் இடத்தில் முறிந்து வரும். பரீட்சைக் கேள்வியிலேயே “பத்துச் சிறு பிரிவுகள் ஓர் அலகு” என்று தந்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

5. அச்சுகள்

இப்போதுதான் அடிமட்டம். அச்சுகள் தாளின் நடுவில் வெட்ட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நம் உதாரணத்தில் வை கீழ்ப்பக்கம் 7 அலகும் மேற்பக்கம் 3 அலகும் போவதால், உற்பத்தி, அதாவது இரண்டு அச்சும் வெட்டும் புள்ளி, தாளின் மேற்பாதியில் இருக்க வேண்டும். நடுவில் வைத்தவருக்குத்தான் கீழே இடம் போதாமல் போகிறது.

வரைபுத்தாளின் தடித்த கோடுகளின் மீதே அச்சுகளைக் கீறுங்கள். எண்களைக் கோடுகளுக்கு நேரே எழுதுங்கள், சதுரங்களின் நடுவில் எழுதாதீர்கள். உற்பத்தியில் 0. வலப்பக்கமும் மேலேயும் நேர், இடப்பக்கமும் கீழேயும் மறை. அச்சுகளின் முனையில் எக்ஸ், வை என்று பெயர் எழுதி அம்புக்குறி போடுங்கள்.

மறைப் பக்கத்தில் எண் எழுதும்போது −1 உற்பத்திக்குப் பக்கத்தில் வர வேண்டும், வெளியே போகப் போக −2, −3. இடமிருந்து வலமாக எழுதிப் பழகிய கை சில வேளை −1, −2, −3 என்று உற்பத்தியை நோக்கி எழுதிவிடும். ஒருமுறை விரலால் தொட்டு வாசித்துப் பாருங்கள்.

6. புள்ளிகள்

அடைப்புக்குள் முதலில் இருப்பது எக்ஸ், அடுத்தது வை. (−2, −7) என்றால் உற்பத்தியில் பென்சிலை வைத்து, முதலில் இடப்பக்கம் 2, அங்கிருந்து கீழே 7. முதலில் பக்கவாட்டு, பிறகு மேலே அல்லது கீழே: எந்தப் புள்ளிக்கும் இதே ஒழுங்கு. ஒழுங்கை மாற்றினால் (1, −1) என்ற புள்ளி (−1, 1) ஆகிவிடும்.

அச்சின் மேல் விழும் புள்ளிகளில்தான் கூடுதல் குழப்பம். (0, −3) இல் பக்கவாட்டாக நகர்வது இல்லை, ஆகவே அது வை அச்சிலேயே இருக்கிறது. 0 ஐக் கண்டதும் “அந்த அச்சு” என்று நினைத்து எக்ஸ் அச்சில் −3 ஐக் குறிப்பவர்கள் நிறையப் பேர்.

புள்ளியைச் சிறு பெருக்கல் குறியாகப் போடுங்கள். மொட்டைப் பென்சிலால் உருட்டிய பெரிய பொட்டு ஒரு முழுச் சிறு பிரிவையே மூடிவிடும், கோடு அதன் எந்த ஓரத்தால் போக வேண்டும் என்று பிறகு தெரியாது.

7. கோடு

ஒன்றிலிருந்து ஒன்று தூரத்தில் உள்ள இரண்டு புள்ளிகளை எடுத்து அடிமட்டத்தை வையுங்கள். நடுப் புள்ளிகள் எல்லாம் ஓரத்தில் வந்து விழுகின்றனவா என்று பார்த்த பிறகே கீறுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டை வைத்துக் கீறினால், ஒரு மயிரிழைச் சரிவுகூடத் தாளின் மறுமுனையில் ஓர் அலகாக வளர்ந்து நிற்கும்.

ஒவ்வொரு புள்ளியையும் அடுத்த புள்ளியோடு துண்டு துண்டாக இணைக்க வேண்டாம். ஒரே இழுவை. முதற் புள்ளியிலும் கடைசிப் புள்ளியிலும் நின்றுவிடாமல் இரு பக்கமும் நீட்டுங்கள். அட்டவணையில் நாம் எழுதாத எண்ணற்ற சோடிகளும் அந்தச் சமன்பாட்டைத் திருப்திப்படுத்துகின்றன, அவையும் அந்தக் கோட்டில்தான் இருக்கின்றன.

ஒரு புள்ளி மட்டும் விலகி நின்றால், அதை வளைந்து தொடுவதற்கு முயலாதீர்கள். அட்டவணைக்குத் திரும்பிப் போங்கள். அட்டவணை சரியென்றால் குறித்த இடம் பிழை. இரண்டும் சரியென்றால் அச்சில் எழுதிய எண்களைப் பாருங்கள். முடிந்ததும் கோட்டின் ஓரமாகச் சமன்பாட்டை எழுதுங்கள். ஒரே தாளில் இரண்டாவது கோடு வந்ததும் இதன் பயன் தெரியும்.

8. வெட்டுத்துண்டு முறை

கோடு அச்சுகளை வெட்டும் இடங்கள்தான் வெட்டுத்துண்டுகள். அவற்றைக் கொண்டு 2எக்ஸ் + 3வை = 12 போன்றவற்றை எழுவாயாக்காமலே வரையலாம். எக்ஸை 0 ஆக்கினால் 3வை = 12, வை = 4. வையை 0 ஆக்கினால் 2எக்ஸ் = 12, எக்ஸ் = 6. புள்ளிகள் (0, 4), (6, 0). சரிபார்க்க (3, 2).

இரண்டு பிழைகள். ஒன்று, கிடைத்த 6, 4 இரண்டையும் சேர்த்து (6, 4) என்று ஒரு புள்ளியாகக் குறிப்பது. மற்றது, 3எக்ஸ் − 2வை = 0 போன்ற சமன்பாட்டில் இந்த முறையைக் கொண்டுபோவது. அங்கே எக்ஸ் 0 ஆனாலும் வை 0 ஆனாலும் கிடைப்பது உற்பத்தி ஒன்றுதான். வலப்பக்கம் 0 என்று கண்டால் அட்டவணைக்குப் போய் (2, 3), (4, 6), (−2, −3) என்று எடுங்கள்.

9. படித்திறன் முறை

அட்டவணை முறை கைக்குள் வந்த பிறகே இதைத் தொடங்குங்கள். வை = ¾எக்ஸ் − 1 இல் தனியே நிற்கும் −1 வை அச்சை வெட்டும் இடம், எக்ஸின் குணகம் ¾ படித்திறன், அதாவது கோட்டின் சரிவு. (0, −1) இல் தொடங்கி, வலப்பக்கம் 4 அலகு, மேலே 3 அலகு: (4, 2). இன்னொரு முறை: (8, 5). பின்னத்தின் கீழெண் பக்கவாட்டு, மேலெண் மேலே கீழே. மாற்றிப் பிடித்தால் இந்தக் கோடு தேவையை விடக் கூடிய சரிவோடு எழும்பிவிடும்.

படித்திறன் மறை என்றால் வலப்பக்கம் போய்க் கீழே இறங்க வேண்டும். வை = 4 − ⅔எக்ஸ் இல் (0, 4) இலிருந்து வலம் 3, கீழே 2, அதாவது (3, 2). மறைக் குறியை மேலுக்கும் கீழுக்கும் இரண்டு தடவை கொடுத்து, இடம் 3, கீழே 2 என்று போனால் கோடு நேர்ப் படித்திறனோடு வந்து நிற்கும்.

தனியே நிற்கும் எண் முன்னால் வந்தாலும் அதுதான் வெட்டுத்துண்டு. வை = 4 − ⅔எக்ஸ் இல் முதலில் கண்ணில் படுவது 4 என்பதற்காக அது படித்திறன் ஆகாது.

10. ஒரு மாறி மட்டும் இருந்தால்

எக்ஸ் = 4 என்று தந்தால் பெரும்பாலான பிள்ளைகள் கிடைக்கோடு கீறுவார்கள், எக்ஸ் அச்சு கிடையாக இருப்பதால். மூன்று புள்ளிகளை எழுதிப் பாருங்கள்: (4, −1), (4, 0), (4, 3). வை எதுவாகவும் இருக்கலாம், எக்ஸ் மட்டும் 4. கோடு நிலைக்குத்தாக நிற்கும். வை = −2 கிடையாகப் போகும். பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல் புள்ளி எழுதிப் பார்ப்பதுதான் வழி.

11. உண்மைக் கணக்கொன்று: தண்ணீர்த் தாங்கி

வீட்டுக் கிணற்றில் மோட்டர் போட்டு 1000 லீட்டர் தாங்கியை நிரப்புகிறோம் என்று வையுங்கள். ஏற்கெனவே 200 லீட்டர் இருக்கிறது, நிமிடத்துக்கு 20 லீட்டர் ஏறுகிறது. எக்ஸ் நிமிடத்தில் தாங்கியில் உள்ள நீர் வை என்றால் வை = 20எக்ஸ் + 200.

எக்ஸ்: 0, 10, 20, 30, 40
வை: 200, 400, 600, 800, 1000

இங்கே இரு அச்சுக்கும் ஒரே அளவிடை எடுத்தால் தாள் போதாது. பெரிய சதுரமொன்று எக்ஸ் அச்சில் 5 நிமிடம், வை அச்சில் 100 லீட்டர் என்று எடுத்தால் கிடையாக 8, நிலைக்குத்தாக 10 சதுரங்கள். மறைப் பெறுமானம் இல்லாததால் உற்பத்தியைத் தாளின் இடது கீழ் மூலைக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

ஏழாம் படியில் கோட்டை இரு பக்கமும் நீட்டச் சொன்னேன், இங்கே நீட்டக்கூடாது. மோட்டர் போடுவதற்கு முந்திய நேரம் இந்தக் கணக்கில் இல்லை, 40 நிமிடத்துக்குப் பிறகு தாங்கி நிரம்பி வழியும். (0, 200) இலிருந்து (40, 1000) வரையான துண்டு மட்டும்தான் விடை.

வரைந்த கோட்டை வடிவாகப் பாருங்கள். ஒரு சதுரம் வலப்பக்கம் போனால் ஒரு சதுரம் மேலே ஏறுகிறது. சதுரத்தை எண்ணிப் படித்திறன் 1 என்று எழுதினால் பிழை. மேலே ஏறிய ஒரு சதுரம் 100 லீட்டர், பக்கவாட்டில் ஒரு சதுரம் 5 நிமிடம், 100 ஐ 5 ஆல் வகுத்தால் 20. படித்திறனை எப்போதும் அச்சில் எழுதிய எண்களால் கணியுங்கள்.

750 லீட்டர் எப்போது நிறையும் என்று கேட்டால், வை அச்சில் 750 இலிருந்து கிடையாகப் போய்க் கோட்டைத் தொட்டு, அங்கிருந்து நேரே கீழே இறங்குங்கள். 27.5 நிமிடம். இந்த வழியைப் புள்ளிக்கோட்டால் காட்டுங்கள், விடையை வரைபிலிருந்துதான் எடுத்தீர்கள் என்று திருத்துபவருக்குத் தெரியட்டும்.

12. ஒரே தளத்தில் இரண்டு கோடுகள்

ஒருங்கமை சமன்பாடுகளை, அதாவது ஒரே சோடி இரண்டையும் திருப்திப்படுத்த வேண்டிய சமன்பாடுகளை, வரைபால் தீர்ப்பது இதன் அடுத்த படி. 2எக்ஸ் + 3வை = 12 வரைந்த தாளிலேயே வை = எக்ஸ் − 1 ஐயும் வரையுங்கள். அதற்கு (0, −1), (2, 1), (5, 4). இரண்டும் (3, 2) இல் வெட்டும். இரண்டு சமன்பாட்டையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்தும் சோடி அது ஒன்றுதான். விடையை எக்ஸ் = 3, வை = 2 என்று பிரித்து எழுதுங்கள்.

அளவிடையைத் தீர்மானிக்க முன்னர் இரண்டு அட்டவணைகளையும் தயாராக வைத்திருக்க வேண்டும். முதற் கோட்டுக்கு ஏற்ற அச்சில் இரண்டாவது கோடு அடங்காமல் போவதை அடிக்கடி காணலாம்.

2எக்ஸ் + 3வை = 6 ஐ அதே தாளில் வரைந்தால் முதற் கோட்டுக்குச் சமாந்தரமாகப் போகும், வெட்டாது, விடை இல்லை. 4எக்ஸ் + 6வை = 24 ஐ வரைந்தால் பழைய கோட்டின் மேலேயே விழும். எல்லாம் 2 ஆல் பெருக்கப்பட்ட அதே சமன்பாடு அது.

வெட்டும் புள்ளி எப்போதும் தாளின் சதுர மூலையில் அமையாது. 2எக்ஸ் + 3வை = 12 உம் வை = 2எக்ஸ் − 3 உம் வெட்டும் இடத்தைத் தாளில் வாசித்தால் எக்ஸ் ஏறக்குறைய 2.6, வை ஏறக்குறைய 2.2 அல்லது 2.3 என்று வரும். சமன்பாட்டைத் தீர்த்தால் 2.625, 2.25. வாசித்த 2.6, 2.2 ஐப் பிரதியிட்டால் முதலாவதில் 11.8 கிடைக்கும், 12 அல்ல. இந்தளவு வேறுபாடு வரைபில் இயல்பு, அழித்து மறுபடி வரைய வேண்டாம். 9 என்றோ 15 என்றோ வந்தால் மட்டும் மூன்றாம் படிக்குத் திரும்பி, வை வரிசையை மீண்டும் வாசியுங்கள்.